நைட்ரோவா, நைட்ரைட்டோவா: நிக்கல் அணைவுச் சேர்மத்தில் பிணைப்பைக் கண்டறியும் முறை

நைட்ரைட்டு அயனி ஓர் உலோகத்துடன் நைட்ரஜன் வழியாகவும் இணையலாம், ஆக்சிஜன் வழியாகவும் இணையலாம். முதல் வகை நைட்ரோ, இரண்டாவது நைட்ரைட்டோ. இந்த இணைப்பு மாற்றியத்தை 1894-இல் டென்மார்க் வேதியியலாளர் யோர்கென்சன் கோபால்ட்டு அம்மைன்களில், அதாவது கோபால்ட்டுடன் அம்மோனியா இணைந்த சேர்மங்களில், விவரித்தார். நிக்கலில் இரு வடிவங்களுக்கும் இடையே உள்ள ஆற்றல் வேறுபாடு சிறியது. ஆகவே வாய்பாட்டில் ஆறு நைட்ரைட்டு இருப்பதைக் கண்டதும் அதை ‘ஹெக்சாநைட்ரோ’ என்று எழுதிவிடாமல், ஒவ்வொரு மாதிரியையும் தனியே சோதித்துப் பார்ப்பது அவசியம்.

முதலில் பாதுகாப்பு. நிக்கல் சேர்மங்களைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதரிடம் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியுள்ளது. எனவே உலர்ந்த தூளைப் புகைப்பெட்டிக்கு வெளியே அரைக்கக் கூடாது. நைட்ரைட்டு உள்ள கரைசலில் அமிலம் சேர்ந்தால் நச்சுத்தன்மையுள்ள பழுப்பு நிற நைட்ரஜன் ஆக்சைடுகள் வெளிவரும். நைட்ரைட்டு உப்புகள் ஆக்சிஜனேற்றிகள் என்பதால் எரியும் பொருள்களோடு சேர்த்துச் சூடாக்குவதும் கூடாது.

நிறத்தைப் பார்ப்பது முதல் படி. நைட்ரஜன் வழி இணைந்த நைட்ரைட்டு, நீரையும் அம்மோனியாவையும் விட வலிமையான படிகப் புலத்தை, அதாவது உலோகத்தின் d எலக்ட்ரான் ஆற்றல் மட்டங்களைப் பிரிக்கும் விளைவை, உண்டாக்குகிறது; அதனால் பச்சை நிற நிக்கல் உப்புக் கரைசலில் மிகையான பொட்டாசியம் நைட்ரைட்டைச் சேர்க்கும்போது நிறம் சிவப்பு அல்லது பழுப்பு நோக்கி நகர்கிறது. ஆக்சிஜன் வழி இணைந்த ஈனியின் (உலோகத்துடன் இணையும் அயனி அல்லது மூலக்கூறின்) புலம் வலிமை குறைந்தது என்பதால் நைட்ரைட்டோ சேர்மங்கள் பெரும்பாலும் பச்சை அல்லது நீலச் சாயலில் இருக்கும். இது ஊகத்துக்குப் போதுமே தவிர முடிவுக்குப் போதாது. காந்தத் திருப்புத்திறனும் இங்கே உதவாது. ஆறு ஈனிகள் சூழ்ந்த எண்முக நிக்கலில் இரு வடிவத்திலும் இரண்டு தனி எலக்ட்ரான்களே உள்ளன.

முடிவைத் தருவது அகச்சிவப்பு நிறமாலை. தனித்த நைட்ரைட்டு அயனியின் இரு நீட்சி அதிர்வுகள் ஏறத்தாழ 1335, 1250 செ.மீ⁻¹ இடங்களில் வருகின்றன. ஹெக்சாநைட்ரோ நிக்கல் உப்புகளில் இவ்விரண்டும் 1300-க்கும் 1350-க்கும் இடையில் நெருங்கி நிற்கும். நைட்ரைட்டோவில் இரண்டு நைட்ரஜன்–ஆக்சிஜன் பிணைப்புகளும் சமமாக இல்லாததால் பட்டைகள் விலகிப் போகும்: நான்கு பிரிடின் ஈனிகளும் இரண்டு நைட்ரைட்டோ ஈனிகளும் கொண்ட நிக்கல் சேர்மத்தில் அவை 1393, 1114 என்ற இடங்களில் உள்ளன. எனவே தனித்தனி எண்களை விட, இரு பட்டைகளுக்கும் இடையே உள்ள இடைவெளியையே முதன்மையான அளவுகோலாகக் கொள்ளுங்கள். 830-ஐ ஒட்டி வரும் வளைவு அதிர்வு இரு வடிவத்திலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருப்பதால் அதைக் கொண்டு வேறுபடுத்த முயல வேண்டாம்.

கவனம் மிக அதிகமாகத் தேவைப்படும் இடம் 1380-ஐச் சுற்றிய பகுதி. நுஜால் என்னும் கனிம எண்ணெயில் மாதிரியைக் குழைத்தால் அந்த எண்ணெயே 1377-ஐ ஒட்டி உட்கவரும். நிக்கல் நைட்ரேட்டிலிருந்து தயாரித்த உப்பில் பொட்டாசியம் நைட்ரேட்டு சிறிதளவு தங்கினாலும் 1384-இல் கூர்மையான பட்டை எழும். அதை நைட்ரைட்டோ என்று தவறாகப் படிப்பது மிக எளிது. ஆகவே இந்தப் பகுதியில் பட்டை தராத நிக்கல் குளோரைடிலிருந்து தொடங்குவதையும், எண்ணெய்க்குப் பதிலாக ஹெக்சாகுளோரோபியூட்டாடையீனைப் பயன்படுத்துவதையும் நான் அழுத்தமாகப் பரிந்துரைக்கிறேன். பொட்டாசியம் புரோமைடு வில்லையில் அழுத்தும்போது மாதிரி மாற்றமடைய வாய்ப்புண்டு என்பதால், வில்லையில் கிடைத்த நிறமாலையைக் குழைவின் நிறமாலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உலர்த்தும் முறையையும் குறித்து வைப்பது முக்கியம். 1960-களில் குட்கேம், ஹிட்ச்மன் என்ற வேதியியலாளர்கள் ஆராய்ந்த, ஆறு நைட்ரைட்டுகள் கொண்ட நிக்கல் அணைவின் பொட்டாசியம் உப்பில், நீரேற்ற வடிவம் நைட்ரோ பட்டைகளை மட்டுமே காட்டியது. நீர் நீங்கிய வடிவத்திலோ அவற்றோடு 1387, 1206 இடங்களில் நைட்ரைட்டோ பட்டைகளும் தோன்றின. நான்கு ஈனிகள் நைட்ரஜன் வழியாகவும் இரண்டு ஆக்சிஜன் வழியாகவும் இணைந்துள்ளன என்று அவர்கள் கருதினர். வெற்றிடத்தில் உலர்த்திய மாதிரியும் காற்றில் உலர்ந்த மாதிரியும் ஒரே பொருள் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கரைசலில் அளக்க வேண்டியிருந்தால் திண்மநிலை முடிவை அப்படியே அதற்குப் பொருத்தாதீர்கள். பதிலிடப்பட்ட டையமீன்கள் கொண்ட சில நிக்கல் நைட்ரைட்டுகள் கரிமக் கரைப்பான்களில் நைட்ரோவும் நைட்ரைட்டோவும் கலந்த சமநிலையில் உள்ளன. வெப்பநிலை மாறினால் அவற்றின் விகிதமும் மாறும். ஒற்றைப் படிகம் கிடைக்கும்போது எக்ஸ் கதிர் ஆய்வு நேரடியான விடையைத் தரும், ஆனால் அந்த விடை அந்தப் படிகத்துக்கு மட்டுமே உரியது. ஆகையால் படிகத்தை எடுத்த அதே தொகுதித் தூளின் அகச்சிவப்பு நிறமாலையையும் அதனுடன் சேர்த்துப் பதிவு செய்யுங்கள்.