துப்பாக்கிச் சட்ட விவாதத்தில் தேச அடையாளம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி மாணவர்களை விவாதப் போட்டிகளுக்குத் தயார்செய்வது என் வேலை. துப்பாக்கிக் கட்டுப்பாடு தலைப்பாக வந்துவிட்டால், அணிகள் மாறினாலும் சறுக்கும் இடங்கள் மாறுவதில்லை. நேரம் தாண்டிப் பேசுவது, எண்களைக் குழப்புவது போன்றவை பழகப் பழகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"அந்த நாட்டு மக்களின் குணமே அப்படி"

"அமெரிக்கர்களின் ரத்தத்திலேயே துப்பாக்கி ஊறியிருக்கிறது, ஆஸ்திரேலியர்கள் சட்டத்துக்கு அடங்கியவர்கள்." இதைக் கேட்டாலே எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. நன்றாகப் பேசக்கூடிய ஓர் அணி அரையிறுதியில் முழு வாதத்தையும் இதன்மேல்தான் கட்டியது. எதிரணிப் பெண் எழுந்து, "அப்படியானால் 1996-க்கு முன் ஆஸ்திரேலியாவில் இருந்தவர்கள் யார்?" என்று கேட்டாள். போட்டி அங்கேயே முடிந்துவிட்டது.

அவள் கேட்டது மிகச் சரி. 1987-இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலப் பிரதமர் பேரி அன்ஸ்வொர்த், டாஸ்மேனியாவில் ஒரு படுகொலை நடந்தால்தான் இந்த நாட்டில் துப்பாக்கிச் சட்டம் மாறும் என்று சலித்துப்போய்ச் சொன்னார். மறு ஆண்டு தேர்தலில் தோற்றார். துப்பாக்கிக்காரர்களின் கோபமும் அதற்கு ஒரு காரணம். 1996 ஏப்ரல் 28 அன்று அதே டாஸ்மேனியாவில், போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாட்டின் பிரதமர் ஜான் ஹோவர்ட், துப்பாக்கிச் சட்டங்களைக் கடுமையாக்க 12 நாட்களில் மாநிலங்களைச் சம்மதிக்க வைத்தார். அவர் வலதுசாரிக் கூட்டணியின் தலைவர். எதிர்த்தவர்களில் பலர் அவருக்கே ஓட்டுப் போட்ட கிராமத்துக்காரர்கள். விக்டோரியாவின் சேல் நகரில் அவர்கள் முன் பேசும்போது கோட்டுக்குள் குண்டு துளைக்காத கவசம் அணிந்திருந்தார். அடங்கிய மக்களிடம் பேச எதற்குக் கவசம்? பிறகு அரசு சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளை விலை கொடுத்து வாங்கி அழித்தது. அமெரிக்கா போன வழியில் நாம் போகக்கூடாது என்று ஹோவர்ட் வலியுறுத்திவந்தார். ஆஸ்திரேலியர்கள் இன்று பெருமையோடு சொல்லும் அந்த வேறுபாடு, இந்தச் சண்டையில்தான் உறுதிப்பட்டது.

அமெரிக்கப் பக்கமும் பாருங்கள். ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பேசும் அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் 1791-இல் வந்தது. அது தனிமனிதரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2008-இல், ஹெல்லர் வழக்கில், அதுவும் 5-க்கு 4 என்ற கணக்கில். குணத்தைக் காரணமாகச் சொன்னால் இந்த வரலாறு முழுவதும் கையைவிட்டுப் போய்விடும். யார், எந்த நெருக்கடியில், யாருக்கு எதிராகத் தேசத்தின் பெயரைச் சொன்னார்கள் என்று தேடிப் பிடியுங்கள்.

சுவிட்சர்லாந்தை எடுத்து வீசுவது

வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது சுவிஸ் மக்களின் குணம் என்று சொல்லிவிடுகிறார்கள். அங்கே ராணுவத் துப்பாக்கி வீட்டில் இருப்பது கட்டாய ராணுவச் சேவையின் பகுதி. அதை ஆயுதக் கிடங்குக்கு மாற்றும் யோசனையை 2011 வாக்கெடுப்பில் மக்கள் நிராகரித்தார்கள். அதே மக்கள் 2019-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கடுமையான விதிகளை ஏற்றார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்ல முடியாவிட்டால் சுவிட்சர்லாந்தைத் தொடாதீர்கள்.

"ஜப்பானில் துப்பாக்கியே கிடையாது"

உண்டு. வேட்டைக்கு உரிமம் தருகிறார்கள்.

ஐ.நா. ஒப்பந்தத்தைப் படிக்காமல் பேசுவது

2013-இன் ஆயுத வணிக ஒப்பந்தம் நாடுகளுக்கு இடையிலான ஆயுதப் பரிமாற்றத்தைப் பற்றியது. உள்நாட்டு ஆயுதங்கள் அந்தந்த நாட்டின் இறையாண்மைக்கு உட்பட்டவை என்று முன்னுரையே சொல்கிறது. அப்படியிருந்தும் 2019-இல் டிரம்ப், துப்பாக்கி உரிமைக்காகப் போராடும் தேசிய ரைஃபிள் சங்கத்தின் மாநாட்டு மேடையில், இரண்டாம் திருத்தத்தைக் காட்டி அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தார். அறிவிப்புக்கு அந்த மேடை ஏன் என்று கேட்டால் உங்கள் வாதம் தானாக நகரும்.

அடையாளப் பேச்சு எல்லை தாண்டாது என்று நம்புவது

2005 அக்டோபரில் பிரேசில் துப்பாக்கி விற்பனையைத் தடைசெய்யலாமா என்று மக்களிடம் கேட்டது. தொடக்கத்தில் ஆதரவு பெரிதாக இருந்தது. எதிர்ப்பு அணி அமெரிக்கப் பாணியில் உரிமை, உரிமை என்றே பிரச்சாரம் செய்தது. பிரேசில் அரசியலமைப்பில் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை என்று ஒன்று இல்லை. சுமார் 64 சதவீதம் பேர் தடை வேண்டாம் என்றார்கள்.