‘புனித மத்தேயு அழைக்கப்படுதல்’: நகலெடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் வகுப்பில் ஒரு மாணவி இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் இந்த ஓவியத்தை நகலெடுத்து முடிக்கும் கட்டத்தில் இருந்தார். வரி வசூலிப்பவரான மத்தேயுவை இயேசு தன் சீடராக அழைக்கும் காட்சி அது. ஆறு வார உழைப்பு, நன்றாகவே வந்திருந்தது. கடைசியில் பிரஷ் நுனியில் வெள்ளையைத் தொட்டுக்கொண்டு இயேசுவின் முகத்தை நோக்கிக் கையைக் கொண்டுபோனதைப் பார்த்ததும், “நிறுத்தும்மா!” என்று கத்திவிட்டேன். பல வருஷங்களுக்கு முன் நானும் அதே வெள்ளையோடு அதே இடத்தில் நின்றவன்தான்.

விகிதம் தப்புவது, கை பெரிதாகிவிடுவது எல்லாம் வரைய வரைய தானே சரியாகும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இயேசுவின் முகத்தை வெளுப்பாக்குவது

இந்தத் தவறைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

படத்தில் இயேசு வலது ஓரத்தில் நிற்கிறார். உடம்பின் பெரும்பகுதியைப் பேதுரு மறைத்துக்கொள்கிறார். முக்கியமாகத் தெரிவது முகமும் நீட்டிய கையும்தான். அந்த முகத்திலும் பாதி இருட்டு. ஒளி அவருக்குப் பின்னாலிருந்து, தலைக்கு மேலே சாய்வாக வந்து, மேசையைச் சுற்றி இருக்கும் ஐந்து பேர் மேல் விழுகிறது. இறகுத் தொப்பி வைத்த பையனின் முகம் இயேசுவின் முகத்தைவிட வெளிச்சமாக இருக்கிறது. யார் அழைக்கிறார் என்பதைவிட யார் அழைக்கப்படுகிறார் என்பதைத்தான் ஒளி காட்டுகிறது.

ஒரு தேவாலயத்துக்காக இதை நகலெடுத்துத் தர ஒத்துக்கொண்டு மூன்று மாதம் வேலை செய்தேன். ஈஸ்டருக்குள் கொடுக்க வேண்டும். முடிக்கும் நேரத்தில், ‘சாமி முகம் தெரியவில்லையே’ என்று மனசு உறுத்தியது. கன்னத்தில் கொஞ்சம் டைட்டானியம் வெள்ளை வைத்தேன். உடனே எதிரே இருந்த பையனின் முகம் மங்கித் தெரிந்தது. அதைக் கூட்டினேன். இப்போது மேசையில் இருக்கும் தாடிக்காரர் முகம் மங்கியது. அதையும் கூட்டினேன். அப்புறம் சுவர். சுவர் ஏறியதும் நிழல்கள் வெளிறிப்போயின, அவற்றின் மேல் கெட்டியாகக் கறுப்பு பூசினேன். பத்தே நாளில் என் கேன்வாஸில் உச்சி வெயில் அடித்தது. மெல்லிசாகப் பூசியிருந்த பழைய நிழலை மீட்க வழியே இல்லை, கெட்டி வண்ணம் அதை மூடிவிட்டது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு பொட்டு வெள்ளைக்கு மூன்று மாதம் போனது.

என்ன தவறு செய்தேன் என்பது ரோமில் மூலத்தைப் பார்த்தபோதுதான் முழுதாகப் புரிந்தது. சான் லூயிஜி டே ஃபிரான்செஸி ஆலயத்தில், காண்டரெல்லி சிற்றாலயத்தின் இடது சுவரில் அது இருக்கிறது. 1599–1600இல் வரையப்பட்டது. உயரம், அகலம் இரண்டும் மூன்று மீட்டருக்கு மேல். பெட்டியில் காசு போட்டால் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். அணைந்த பிறகும் நான் அங்கேயே நின்றேன். பீடத்துக்கு மேலே உண்மையான ஜன்னல் ஒன்று இருக்கிறது. இடது சுவரைப் பார்த்து நின்றால் அது நமக்கு வலது பக்கம். ஓவியத்தில் ஒளி வருவதும் வலது பக்கத்திலிருந்துதான். எதிர்ச் சுவரில் இருக்கும் ‘மத்தேயுவின் மறைசாட்சி மரணம்’ என்ற அவருடைய இன்னொரு ஓவியத்தில் ஒளி இடமிருந்து வருகிறது, அதுவும் பீடத்தின் பக்கம்தான். அறையின் வெளிச்சத்தையே கரவாஜியோ கேன்வாஸுக்குள் நீட்டியிருக்கிறார். பீடத்தின் பக்கமிருந்து வரும் அந்த ஒளிக்கு முன்னால்தான் இயேசு நிற்கிறார். அவர் முகம் இருண்டிருப்பது அதனால்தான். அங்கே நான் வெள்ளை வைத்தபோது ஒளி வரும் திசையையே கெடுத்திருக்கிறேன்.

ஒன்று செய்யுங்கள். தொடங்கும்போதே இயேசுவின் கன்னத்துக்கான நிறத்தைக் கலந்து, ஒரு அட்டைத் துண்டில் பூசிக் காயவைத்து, ஈசலில் மாட்டிவிடுங்கள். கடைசி நாள் வரை அதைத் தாண்டி அந்தக் கன்னத்தில் எதுவும் ஏறக்கூடாது.

படத்தில் உள்ள ஜன்னல்

அதிலிருந்து ஒளி வரவில்லை. மங்கலாகவே விடுங்கள்.

டியூப் கறுப்பு

நிழல் என்றதும் ஐவரி பிளாக்கை அப்படியே பிதுக்குகிறார்கள். காய்ந்ததும் அந்த இடம் ஓட்டை போட்ட மாதிரி தெரியும். கரவாஜியோ பழுப்பு அடிப்பூச்சின் மேல் வேலை செய்தவர். நிழலில் பல இடங்களில் அந்தப் பழுப்பு உள்ளிருந்து எட்டிப்பார்க்கும், இருட்டு சூடாகத் தெரிவது அதனால்தான். முதலில் பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பு வண்ணத்தில் அடிப்பூச்சு போட்டு நன்றாகக் காயவிடுங்கள். பிறகு நிழலை எண்ணெய் கலந்து மெல்லிசாக, இரண்டு மூன்று தடவையாக ஏற்றுங்கள். அவசரப்பட்டால் கீழே இருப்பதும் சேர்ந்து கலங்கிவிடும்.

ஒளிவட்டம்

இயேசுவின் தலைக்கு மேல் ஒரு மெல்லிய கோடு. அதற்கு மேல் வேண்டாம்.

ஃபோன் படம்

பிரைட்னஸைக் கூட்டி வைத்துப் பார்த்து வரையாதீர்கள்.

உணர்ச்சிக்காக முகத்தைச் சுளிக்க வைப்பது

‘பரோக் (கரவாஜியோ காலத்து ஐரோப்பிய ஓவியப் பாணி) என்றால் உணர்ச்சி’ என்று படித்துவிட்டு, மத்தேயுவின் கண்ணில் நீர் வரைகிறார்கள், பேதுருவின் புருவத்தை நெரிக்கிறார்கள். மூலத்தில் யாரும் அழவில்லை. தாடிக்காரர் விரலை நீட்டுகிறார், அவ்வளவுதான். அந்த விரல் தன்னைக் காட்டுகிறதா, பக்கத்தில் குனிந்திருக்கும் இளைஞனைக் காட்டுகிறதா, இருவரில் யார் மத்தேயு என்று இன்றும் விவாதிக்கிறார்கள். நான் தாடிக்காரர்தான் என்று நினைக்கிறேன். ஆனாலும் வரையும்போது விரலை எந்தப் பக்கமும் திருத்தி வைக்க மாட்டேன்.

படத்தில் என்னை அதிகம் உலுக்குவது மேசையின் மறுகோடிதான். இளைஞன் காசை எண்ணுகிறான், கண்ணாடி போட்ட முதியவர் அவன் தோளுக்கு மேலாகக் குனிந்து அதையே பார்க்கிறார். அவர்கள் இருவர் மேலும் ஒளி விழுகிறது, ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தக் குனிந்த தலையை வரையும்போது முகத்தில் எதையும் சேர்க்காதீர்கள். காசைத் தொடும் விரல்கள் சரியாக வந்தால் போதும்.