ஃபேப்ரிக் சிஏ: முதல் தடவை ஓடும், ரீஸ்டார்ட்டில் விழும்

ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் என்ற பிளாக்செயின் தளத்தின் சிஏ சர்வரை (சான்றிதழ் வழங்கும் சர்வர்), கன்டெய்னர்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில் ஏற்றினேன். முதல் தடவை அழகாக ஓடி சான்றிதழெல்லாம் கொடுத்தது, ஆனால் பாட் (சர்வர் ஓடும் கன்டெய்னர்) வேறு நோடுக்கு, அதாவது வேறு மெஷினுக்கு, மாறியதும் எழவே மாட்டேன் என்று கிராஷ்லூப்பில் (திரும்பத் திரும்ப விழுந்து எழுவதில்) உட்கார்ந்துவிட்டது. போர்ட் எண்ணைப் படிக்க முடியவில்லை என்று லாகில் ஒரே புலம்பல். கான்ஃபிக் ஃபைலிலோ 7054 என்று தெளிவாகவே இருக்கிறது.

அதே இமேஜை ஸ்லீப் கட்டளையோடு எழுப்பி, உள்ளே போய் என்வி (சூழல் மாறிகளைக் காட்டும் கட்டளை) அடித்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. FABRIC_CA_SERVER_PORT என்ற மாறியில் எண்ணுக்குப் பதிலாக டிசிபி://10 என்று தொடங்கும் முழு முகவரி! சர்வீஸுக்கு (பாடை மற்றவர்கள் அணுகும் நிலையான பெயர், முகவரி) ஃபேப்ரிக்-சிஏ-சர்வர் என்று பெயர் வைத்திருந்ததால் குபர்நெட்டிஸ் தானாகவே அந்த மாறியை உள்ளே தள்ளுகிறது, சிஏவும் தன் போர்ட்டை அதே பெயரில்தான் தேடுகிறது. பாட் எழும்போது ஏற்கெனவே இருக்கும் சர்வீஸ்களுக்குத்தான் இந்த மாறிகள் வரும்; முதல் தடவை பாட் வந்த பிறகே சர்வீஸ் வந்ததால் தப்பித்திருக்கிறது.

டிப்ளாய்மென்டில் (பாட் எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் ஃபைல்) இந்த மாறிகளைத் தள்ளும் எனேபிள்சர்வீஸ்லிங்க்ஸை ஃபால்ஸ் ஆக்கினேன், சரியாகிவிட்டது. சர்வீஸின் பெயரை மாற்றினாலும் போதும், ஆனால் ஏற்கெனவே எல்லாரும் அந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறார்கள்.

பெயரை மாற்றி, புதிய சர்வீஸ் பெயர் டிஎல்எஸ் சான்றிதழில் (இணைப்பை மறையாக்கப் பயன்படுவது) வேண்டுமென்றால், கான்ஃபிக் ஃபைலின் சிஎஸ்ஆர் ஹோஸ்ட்ஸ் பட்டியலில் சேர்த்து, டிஎல்எஸ்-செர்ட்.பெம் ஒன்றை மட்டும் அழித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள், தானே புதிதாக உருவாக்கிக்கொள்ளும். சிஏவின் சொந்த ரூட் சான்றிதழான சிஏ-செர்ட்.பெம் பக்கம் கை வைக்காதீர்கள். சிஏவின் ஹோம் ஃபோல்டரை நிரந்தர வால்யூமில் வையுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் புது ரூட் பிறக்கும், பழைய சான்றிதழ்களை யாரும் நம்பமாட்டார்கள்.