லீனியர் ஏ, லீனியர் பி: களிமண் பலகையில் சாமியைத் தேடும்போது நடக்கும் தவறுகள்

கிரீட் தீவின் பழைய எழுத்தை யாரோ படித்துவிட்டார்களாம், உள்ளே இருப்பது தாய்த்தெய்வத்தின் மேல் பாடிய துதியாம் என்று அவ்வப்போது ஒரு செய்தி கிளம்பும். பகிர்கிறவர்கள் நிறைய பேர், எந்த எழுத்து என்று கேட்கிறவர்கள் குறைவு. முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது.

கிரேக்கத்தைச் சுற்றிய ஏஜியன் கடல் பகுதியின் வெண்கலக் காலத்தில் இருந்தது ஒரே எழுத்து அல்ல. கிரீட்டின் சித்திர எழுத்து, லீனியர் ஏ, லீனியர் பி, அப்புறம் எந்த வகையிலும் ஒழுங்காகச் சேராத ஃபைஸ்டோஸ் தட்டு என்ற குறிகள் அச்சடித்த களிமண் வட்டு. சைப்ரஸ் தீவில் இன்னொன்று தனியாக இருந்தது. இதில் படித்து முடித்தது லீனியர் பி மட்டும்தான். 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற கட்டடக்கலைஞர் அதைச் சாதித்தார், உள்ளே இருந்த மொழி, பழங்காலக் கவிஞர் ஹோமருக்கும் பல நூற்றாண்டு முந்தைய கிரேக்கம். லீனியர் ஏ எழுதிய மினோவன் மக்கள் (கிரீட்டின் வெண்கலக் கால மக்கள்) என்ன மொழி பேசினார்கள் என்பது இன்றுவரை தெரியாது. ஆகவே "மினோவன் மதம் பற்றிப் பலகைகள் இப்படிச் சொல்கின்றன" என்று யாராவது எழுதினால் கொஞ்சம் நிதானியுங்கள். பெரும்பாலும் பின்னால் வந்த, லீனியர் பி எழுதிய மைசீனியக் கிரேக்கர்களின் கணக்கை எடுத்து, அவர்களுக்கு முன்னால் இருந்த வேறொரு மக்களின் தலையில் கட்டியிருப்பார்கள்.

கணக்கு என்று சும்மா சொல்லவில்லை. இரண்டாவது தவறு, என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு, இந்தப் பலகைகளை வேதப் புத்தகம் போலப் படிப்பது. லீனியர் பியில் கிடைத்திருப்பதில் மந்திரம் இல்லை, புராணம் இல்லை, பிரார்த்தனை இல்லை. அரண்மனைக் கணக்கர்கள் ஈரக் களிமண்ணில் கீறி வைத்த வரவு செலவுதான் இருக்கிறது. ஒரு பெரிய கோயிலின் மடப்பள்ளிக் கணக்கு மட்டும் மிஞ்சி, தேவாரமும் தலபுராணமும் சிற்பமும் எல்லாம் அழிந்துபோனால் நமக்கு என்ன தெரியும்? எந்த சன்னதிக்கு எவ்வளவு நெய் போனது என்று தெரியும். பக்தர் என்ன வேண்டிக்கொண்டார் என்று தெரியாது. இங்கேயும் நிலைமை அதுதான்.

கிரீட்டின் நாசஸ் அரண்மனையில் கிடைத்த லீனியர் பி பலகை ஒன்றைப் பாருங்கள். "எல்லாத் தெய்வங்களுக்கும்: தேன், ஒரு ஜாடி. லாபிரிந்தின் தலைவிக்கு: தேன், ஒரு ஜாடி." விஷயம் அவ்வளவுதான். லாபிரிந்து என்ற பெயரைப் பார்த்ததும், கிரேக்கப் புராணத்தின் புதிர்ப்பாதை, அதில் அடைபட்ட காளைத்தலை மினோட்டார், அவனைக் கொன்ற தீசியஸ், வழி காட்டிய நூல்கண்டு எல்லாவற்றையும் உள்ளே இழுத்து வருகிறவர்கள் உண்டு. பலகையில் காளையும் இல்லை, நூலும் இல்லை. ஆனால் இருப்பதை உற்றுப் பார்த்தால் அதுவே சுவாரசியம்: மற்ற தெய்வங்களை எல்லாம் சேர்த்து ஒரு ஜாடி கொடுத்தவர்கள், இந்தத் தலைவி ஒருத்திக்கே தனியாக ஒரு ஜாடி கொடுத்திருக்கிறார்கள். அதே நாசஸில் எண்ணெய் கணக்கு ஒன்றில் "காற்றுகளின் பெண் பூசாரி" என்று ஒரு பதவி வருகிறது. காற்றுக்கு என்ன பூசை செய்தாள், எதற்காகச் செய்தாள் என்று ஒரு வரிகூட இல்லை. அவளுக்கு எண்ணெய் போனது, அதோடு சரி.

கணக்குதானே என்று ஒதுக்கிவிடுவதும் தவறு. கிரேக்கப் பெருநிலத்தில் இருந்த பைலோஸ் அரண்மனையில், சுமார் கி.மு. 1200இல், எரிதா என்ற பெண் பூசாரியின் நில விவகாரம் பதிவாகியிருக்கிறது. இந்த நிலம் தெய்வத்துக்கு உரிய சிறப்பு மானியம் என்கிறாள் அவள். இல்லை, அது சாதாரணக் குத்தகை நிலம்தான் என்கிறது ஊர்ச்சபை. கணக்கர் இரண்டு தரப்பையும் எழுதிவைத்திருக்கிறார், தீர்ப்பை எழுதவில்லை. அந்தப் பலகைகளிலேயே கர்பாதியா என்ற சாவி காக்கும் பெண் வருகிறாள். நிலத்துக்கு ஈடாகச் செய்யவேண்டிய கடமையை அவள் செய்யவில்லை என்று குறிப்பு. "தெய்வத்தின் அடிமை" என்று பெயருக்குப் பக்கத்தில் எழுதப்பட்ட ஆணும் பெண்ணும் நிலம் குத்தகைக்கு வைத்திருக்கிறார்கள், ஆக அடிமை என்பதைப் பார்த்ததும் சங்கிலியைக் கற்பனை செய்ய வேண்டாம். தெய்வத்தின் பெயரில் நிலம், அந்த நிலத்தால் வரும் அதிகாரம், அதை ஊர் எதிர்ப்பது என்று மதம் சமூகத்துக்குள் எப்படி உட்கார்ந்திருந்தது என்பதை எந்தத் துதிப்பாடலும் இவ்வளவு நேராகக் காட்டாது.

இதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் நரபலிக் கதை. பைலோஸில் கிடைத்த டிஎன் 316 என்ற பலகை அவசர அவசரமாக எழுதப்பட்டது, அழித்து எழுதிய தடங்கள்கூட உண்டு. அதில் தெய்வங்களின் பெயர், பக்கத்தில் தங்கப் பாத்திரம், சில பெயர்களுக்குப் பக்கத்தில் ஓர் ஆண் அல்லது பெண் குறி. மொத்தம் 13 தங்கப் பாத்திரம், 8 பெண்கள், 2 ஆண்கள். தேவிகளுக்குப் பெண், ஜீயஸ், ஹெர்மஸ் என்ற ஆண் தெய்வங்களுக்கு ஆண். அரண்மனை எரிந்த காலத்துப் பலகை என்பதால், எதிரி வரும் பயத்தில் மனிதரைப் பலி கொடுத்தார்கள் என்று சிலர் ஊகித்தார்கள், அதில் வென்ட்ரிஸோடு சேர்ந்து உழைத்த ஜான் சாட்விக்கும் ஒருவர். இணையத்தில் அது ஊகம் என்ற பேச்சே இல்லாமல் உண்மையாகிவிட்டது. அந்த மனிதர்களைக் குறிக்கும் "போ-ரே-னா" என்ற சொல்லின் பொருள் உறுதியில்லை. கிரேக்கத்தின் தீப்ஸ் நகரப் பலகை ஒன்றில் அதே சொல்லால் குறிக்கப்பட்டவர்களுக்குக் கம்பளி போகிறது. பலியாகப் போகிறவருக்குக் கம்பளி எதற்கு? பாத்திரத்தைத் தூக்கிச் செல்கிறவர்களாகவோ கோயில் ஊழியத்துக்குக் கொடுக்கப்பட்டவர்களாகவோ இருக்கலாம் என்பது இன்னொரு தரப்பு. எனக்கு இந்தத் தரப்புதான் பொருத்தமாகப் படுகிறது.

அதே பலகையில் பலபேர் கவனிக்காமல் தாண்டும் விஷயம் வேறு ஒன்று. ஜீயஸ், ஹேரா, அவர்கள் பக்கத்திலேயே "ஜீயஸின் மகன் த்ரிமியோஸ்". யார் இவர்? பின்னால் வந்த கிரேக்கப் புராணத்தில் இவர் இல்லவே இல்லை. கடல் தெய்வம் போசைடனின் பெண் வடிவமான போசிதேயா, ஜீயஸின் பெண் வடிவமான திவியா என்ற தேவிகளும் பிற்காலத்தில் ஏறக்குறைய காணாமல் போனவர்கள். பிற்காலக் கிரேக்கர்கள் வணங்கிய ஒலிம்பஸ் மலைத் தெய்வங்கள் பன்னிரண்டு பேர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பலகையில் டிக் அடிக்கிறவர்களுக்கு இந்த மூவரும் கண்ணில் படவே மாட்டார்கள்.

டிக் அடிப்பதில் இன்னொரு வம்பும் இருக்கிறது. பட்டியலில் அப்பல்லோ, அஃப்ரோடைட் பெயர் தெளிவாகக் கிடைக்கவில்லை, உடனே "அவர்கள் அப்போது இல்லை" என்று முடிவு கட்டுகிறார்கள். பலகைகள் சுடப்படாத களிமண். வருடம் முடிந்தால் தேவையில்லாத கணக்கைக் கரைத்துவிடுவார்கள் போல. அரண்மனை தீப்பிடித்தபோது கையில் இருந்தது மட்டும் வெந்து கெட்டியாகி நமக்குக் கிடைத்தது. எனவே ஓர் அரண்மனையில் கடைசி சில மாதம் யாருக்குப் பொருள் போனதோ அவர்கள்தான் தெரிகிறார்கள். மதுவின் தெய்வமான டயோனிசஸின் கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் பிற்காலத்தில் வெளியிலிருந்து வந்து சேர்ந்த தெய்வம் என்று அறிஞர்களே நெடுநாள் நம்பினார்கள். பைலோஸ் துண்டுப் பலகையில் அந்தப் பெயர் வந்தபோதுகூட யாரோ ஒரு ஆளின் பெயராக இருக்கும் என்று தட்டிக்கழிக்க முடிந்தது. 1990 வாக்கில் கிரீட்டின் கனியா ஊரில் ஒரு பலகை கிடைத்தது: ஜீயஸின் கோயிலுக்குத் தேன், ஜீயஸுக்கும் டயோனிசஸுக்கும். அதோடு அந்த வாதம் முடிந்தது.

பெயர் கிடைத்ததும் பொருள் கிடைத்துவிட்டது என்று நினைப்பதற்குத் தீப்ஸ் நல்ல பாடம். 2001இல் வெளியான அந்தப் பலகைகளில் வரும் "மா-கா" என்பது பூமித்தாய், "கோ-வா" என்பது அவள் மகள் கோரே, தானியம் வாங்கும் வாத்தும் நாயும் புனித விலங்குகள் என்று பதிப்பாசிரியர்கள் பெரிய மாளிகையே கட்டினார்கள். மற்ற அறிஞர்கள் ஒவ்வொரு செங்கல்லாக உருவினார்கள். மா-கா மாவு பிசைவதைக் குறிக்கும் சொல்லாக இருக்கலாம், கோ-வா வெறும் சிறுமியாக இருக்கலாம், வாத்துக்குத் தீனி போடுவதற்குச் சமயக் காரணம் எதுவும் தேவையில்லை. ஒப்பீடே கூடாது என்பதல்ல. நாசஸ் பலகையில் அம்னிசோஸ் என்ற ஊரில் எலெயுதியாவுக்குத் தேன் போகிறது. ஹோமரின் ஒடிசி காவியமும் அதே அம்னிசோஸில் பிரசவத் தேவி எயிலெய்தியாவின் குகை இருப்பதாகச் சொல்கிறது. பெயரும் ஊரும் சேர்ந்து ஒத்துப்போகின்றன. அப்படி இரண்டு மூன்று பக்கத்திலிருந்து ஆதாரம் வந்தால் நம்பலாம்.

இப்போது லீனியர் ஏ. இங்கே நடக்கும் தவறு மொழியை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு எழுத்தை அதற்குள் திணிப்பது. லீனியர் பிக்கும் ஏவுக்கும் பல குறிகள் பொது, அதனால் உத்தேசமாக உச்சரிக்க முடிகிறது. உச்சரிப்பதும் புரிந்துகொள்வதும் வேறு வேறு. மலை உச்சிக் கோயில்களில் கிடைத்த கல் பாத்திரங்களில் "யா-சா-சா-ரா-மே" என்ற தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. ஒருவர் இதில் இன்றைய துருக்கிப் பகுதியில் பேசிய பழைய ஹிட்டைட் மொழியின் "தலைவி" என்ற சொல்லைக் கண்டார், இன்னொருவர் செமிட்டிக் தேவி அஷேராவைக் கண்டார். அதே அசைகள், இரண்டு தெய்வங்கள். இருக்கும் லீனியர் ஏ முழுவதையும் சேர்த்தாலே ஏழாயிரத்துச் சொச்சம் குறிகள்தான், பெரும்பாலும் குட்டிக் குட்டித் துண்டுகள். இவ்வளவு குறைந்த சரக்கில் எந்த மொழியைத் தேடினாலும் நாலு சொல் மாட்டும். தமிழும் மாட்டும், சிலர் மாட்டியும் காட்டியிருக்கிறார்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு: தீவில் தூரதூரமாக இருந்த கோயில்களில் ஏறக்குறைய ஒரே தொடரை, ஒரே வரிசையில், படையல் பாத்திரங்களில் பொறித்திருக்கிறார்கள். அதாவது தீவு முழுக்கப் பொதுவான ஒரு சடங்கு வாசகம் இருந்தது. பொருள் தெரியாமலேயே மதத்தைப் பற்றி இவ்வளவு தெரிகிறது.

வென்ட்ரிஸும் லீனியர் பியில் இருப்பது முதலில் பழைய இத்தாலியின் எட்ரஸ்கன் மொழியாக இருக்கும் என்றுதான் நம்பினார். 1952 ஜூனில் கிரேக்கமோ என்று எழுதிய குறிப்பையே விளையாட்டான கிளைப்பேச்சு என்று சொல்லிக்கொண்டார். அவர் ஜெயித்ததற்கு ஒரு காரணம், ஆலிஸ் கோபர் என்ற பெண்மணி 1950இல் இறப்பதற்கு முன்பே, மொழி எது என்று ஊகிக்காமல், சொற்களின் ஈறு எப்படி மாறுகிறது என்பதை மட்டும் ஆயிரக்கணக்கான சிட்டைகளில் அடுக்கிக் காட்டியிருந்தது.

படங்களை வைத்துக் கதை கட்டுவதை ஒரு வரியில் முடித்துவிடலாம்: நாசஸைத் தோண்டிய ஆர்தர் எவன்ஸ் 1903இல் எடுத்த புகழ்பெற்ற பாம்புத் தேவி சிலையின் தலையே பிற்காலத்தில் செய்து ஒட்டியது.

அடுத்த முறை "படித்துவிட்டார்கள்" என்ற செய்தி வந்தால் ஒன்றைக் கேளுங்கள்: இந்த வாசிப்பு, கண்டுபிடித்தவர் பார்த்திராத புதிய பலகைக்கும் பொருந்துகிறதா? லீனியர் பிக்கு அந்தப் பரீட்சை 1953இல் வந்தது. தொல்லியலாளர் கார்ல் பிளேகன், பைலோஸில் தான் எடுத்த ஒரு பலகையில், வென்ட்ரிஸ் ஒவ்வொரு குறிக்கும் கொடுத்த அசை ஒலியைப் போட்டுப் பார்த்தார். "டி-ரி-போ-டே" (கிரேக்கத்தில் இரண்டு முக்காலி) என்று வந்த இடத்தில் முக்காலிப் பாத்திரத்தின் படம், பக்கத்தில் இரண்டு என்ற எண். நான்கு காது என்று வந்த இடத்தில் நான்கு கைப்பிடி வைத்த ஜாடி, காது இல்லாதது என்று வந்த இடத்தில் கைப்பிடியே இல்லாத ஜாடி. ஃபைஸ்டோஸ் தட்டு 1908இல் கிடைத்தது, 45 விதக் குறிகள், மொத்தம் 240 சொச்சம். அதே அச்சில் இன்னொரு தட்டு இதுவரை கிடைக்கவில்லை, அதனால் அதைப் படித்ததாகச் சொல்லும் யாருக்கும் அந்தப் பரீட்சையை வைக்க வழியில்லை.