கூகுள் அனலிட்டிக்ஸ் 4: உங்கள் சொந்த வருகை கணக்கில் சேராமல் தடுப்பது

நாளுக்கு நாற்பது ஐம்பது பேர் வரும் சின்னத் தளம் என்றால், ஒரு கட்டுரையைத் திருத்தித் திருத்தி நீங்களே திறந்து பார்ப்பதுகூட, தள வருகையைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸில் அந்தப் பக்கத்தின் எண்ணிக்கையை ஏற்றிவிடும். எதை உண்மையில் வாசிக்கிறார்கள் என்பதே தெரியாமல் போகும்.

இதைத் தடுப்பது இரண்டு கட்ட வேலை. பலர் முதல் கட்டத்தோடு நிறுத்திவிடுவதால்தான் எதுவும் விலகுவதில்லை.

முதலில் அட்மினில் டேட்டா ஸ்ட்ரீம்ஸ் போய் உங்கள் தளத்தைத் திறங்கள். கான்ஃபிகர் டேக் செட்டிங்ஸ், ஷோ ஆல், டிஃபைன் இன்டர்னல் டிராஃபிக் என்று வரிசையாக உள்ளே போய், கிரியேட் அழுத்தி உங்கள் ஐபி முகவரியை (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) கொடுங்கள். டிராஃபிக் டைப் கட்டத்தில் ‘இன்டர்னல்’ (internal) என்று ஏற்கெனவே இருக்கும்; அதைத் தொடாதீர்கள். இந்த விதி வருகைக்கு முத்திரை குத்துவதோடு சரி. விலக்குவது, அட்மினிலேயே இருக்கும் டேட்டா ஃபில்டர்ஸ். அங்கே இன்டர்னல் டிராஃபிக் என்ற ஃபில்டர் டெஸ்டிங் நிலையில் இருக்கும்.

அதை உடனே ஆக்டிவ் ஆக்கிவிடாதீர்கள். ஆக்டிவ் ஆனபின் விலக்கப்பட்ட தரவு போனது போனதுதான், மீட்க வழியில்லை. டெஸ்டிங்கில் எதுவும் அழியாது. ‘டெஸ்ட் டேட்டா ஃபில்டர் நேம்’ என்ற டைமென்ஷன் (தரவைப் பிரித்துப் பார்க்க உதவும் தலைப்பு) மட்டும் சேரும். ஓரிரு நாள் விட்டு, எக்ஸ்ப்ளோர் பகுதியில் அதை வைத்துப் பாருங்கள். ஃபில்டர் பெயருக்கு நேரே உங்கள் வருகை மட்டும் இருந்தால் ஆக்டிவ் ஆக்கலாம். நடைமுறைக்கு வர 24 முதல் 36 மணி நேரம் ஆகும். பழைய கணக்கு திருந்தாது.

நிலையான ஐபி உள்ள அலுவலகத்துக்கு இது போதும். வீட்டு பிராட்பேண்டில்தான் சிக்கல். ரவுட்டரை அணைத்துப் போட்டால் முகவரி மாறிவிடலாம். ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி உள்ள இணைப்பில் முகவரியின் பின்பாதியைக் கணினியே அடிக்கடி மாற்றிக்கொள்ளும். முழு முகவரியைக் கொடுத்தால் மறுநாளே பயனில்லை. எட்டுத் தொகுதிகளில் முதல் நான்கை மட்டும் வைத்து, இறுதியில் இரண்டு முக்காற்புள்ளியும் (::) /64-உம் சேர்த்து வரம்பாகக் கொடுங்கள். மொபைல் டேட்டாவின் ஐபிவி4 (பழைய வகை) முகவரியை மட்டும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். ஒரே முகவரியை ஏராளமான சந்தாதாரர்கள் பகிர்வதால், உங்கள் வாசகர்களே காணாமல் போவார்கள்.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு ஐபியைவிட பிரவுசரில் அடையாளம் வைப்பதே நல்லது. உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு முகவரியைத் திறந்தால் லோக்கல் ஸ்டோரேஜில் (பிரவுசர் தனக்குள் தரவைச் சேமிக்கும் இடம்) ஒரு குறி பதியும்படி சிறு ஸ்கிரிப்ட் எழுதுங்கள். குறி இருந்தால், அனலிட்டிக்ஸ் டேகின் (தளத்தில் சேர்த்திருக்கும் கூகுள் நிரல்) கான்ஃபிக் வரியிலேயே டிராஃபிக் டைப் (traffic_type) மதிப்பை ‘internal’ என்று அனுப்ப வேண்டும், அதே எழுத்துகளில். மேலே சொன்ன ஃபில்டரே அதையும் பிடித்துவிடும். எந்த நெட்வொர்க்கில் இருந்தாலும் வேலை செய்யும்.

வேர்ட்பிரஸில் கூகுளின் சைட் கிட் செருகுநிரலை வைத்திருந்தால் இந்தப் பாடெல்லாம் வேண்டாம்: அதன் அனலிட்டிக்ஸ் அமைப்பில் லாக்இன் செய்தவர்களை விலக்கும் வசதி இருக்கிறது. லாக்அவுட் செய்துவிட்டுப் பார்த்தால் மட்டும் கணக்கில் சேரும்.

லோக்கல் ஸ்டோரேஜில் வைக்கும் குறி ஒவ்வொரு பிரவுசருக்கும் தனி. இன்காக்னிட்டோவில் இருக்காது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் செயலிக்குள் திறக்கும் பக்கத்திலும் இருக்காது. ஐபோன் சஃபாரியில் ஏழு நாள் தளத்தின் பக்கமே போகாவிட்டால் அழிந்துவிடும். குறியைப் பதிக்கும் அந்த முகவரியை புக்மார்க்கில் வைத்து, அதன் வழியாகவே தளத்துக்குள் போங்கள்.