சொந்தக் காட்டு மரத்தில் ஒரு பின்லாந்து வீடு

பின்லாந்தில் சொந்தக் காட்டு மரத்தைக் கொண்டே வீடு கட்ட நினைப்பவர், பைன் மரங்களைக் குளிர்காலத்தில் வெட்டி, உறைபனியின் மேல் இழுத்து வந்து, வசந்தத்தில் வண்டுகள் பறக்கத் தொடங்குமுன் பட்டையை உரித்துவிட வேண்டும். அடித்தளத்தைக் கற்களால் உயர்த்துங்கள். மரங்களைக் கிடையாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவர் எழுப்பும்போது, மூலைகளில் அவை ஒன்றையொன்று பிடிக்க வெட்டும் குடைவு எப்போதும் மேல் மரத்தின் அடிப்பக்கத்திலேயே அமைய வேண்டும். கீழ் மரத்தின் மேற்புறத்தைக் குடைந்தால், அது மழைநீரைத் தேக்கும் கிண்ணமாகிவிடும். வரிசைகளுக்கிடையே காய்ந்த பாசியைத் திணிப்பது பழைய வழக்கம். அதை ஏளனமாக எண்ண வேண்டாம்.

பலர் சறுக்குவது சன்னலில்தான். பச்சை மரம் காய்ந்து சுருங்கும்போது சுவர் மீட்டருக்குச் சுமார் 6 சென்டிமீட்டர் வரை இறங்கும் என்பதால், 1.2 மீட்டர் உயர நிலைச்சட்டத்துக்கு மேல் 7.2 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இடைவெளி விட்டு, அதை மறைக்கும் பலகையை மேல் மரத்தில் மட்டும் ஆணியடியுங்கள். சட்டத்தோடு சேர்த்து அடித்தால் சுவர் இறங்க வழியின்றிச் சன்னல் நெரிபடும்.