குறுக்கே பேசும் குழந்தையைக் காத்திருக்கப் பழக்க

"குறுக்கே பேசாதே" என்று சொன்னால், 4, 5 வயதுக் குழந்தைக்கு என்ன செய்யக்கூடாது என்பது மட்டும்தான் புரியும். அதற்குப் பதிலாக ஒரு செய்கையைக் கொடுத்துவிடுங்கள்: நீங்கள் வேறொருவரோடு பேசும்போது, அருகில் வந்து உங்கள் மணிக்கட்டில் கை வைத்து நிற்க வேண்டும். அந்தக் கைமேல் உங்கள் கையை வையுங்கள். "நீ வந்தது தெரியும்" என்பதற்கு அதுவே பதில்.

முதல் வாரம் 5 விநாடிக்குள் திரும்பிப் பேசிவிடுங்கள். பிறகு 10, 20 என்று மெல்ல நீட்டலாம். அரை நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். பெரும்பாலும் சறுக்குவது நம் பக்கம்தான். பேச்சு சுவாரசியத்தில் குழந்தையை மறந்துவிடுவோம். இரண்டு முறை அப்படி நடந்தால், கத்தினால்தான் காரியம் ஆகும் என்று அது முடிவுகட்டிவிடும்.

காலையில் 3 நிமிடம், குழந்தையோடு இதை நடித்து ஒத்திகை பாருங்கள். திட்டு வாங்கிய சூட்டில் சொல்லிக்கொடுத்தால் ஏறாது. பாராட்டும்போதும் வெறுமனே "சமத்து" வேண்டாம். "நான் பேசி முடிக்கும்வரை நின்றாயே" என்று செய்ததைச் சொல்லுங்கள்.

அடிபட்டால், வாந்தி வந்தால், கழிவறைக்கு அவசரமென்றால் காத்திருக்கத் தேவையில்லை என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். மரியாதையாக நின்றபடியே நனைத்துக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு.